மண்டபம் முகாம்: போனவர்களும் வந்தவர்களும்

கோலார் தங்கவயல் தமிழர்களாகிய நாம் நம்முடைய வரலாற்றை எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் பூமிக்குக் கீழேதான் தேடுகிறோம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே போனது, 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் வந்தது என்று சொல்லிக்கொண்டே போவோம். இவையெல்லாம் நாம் பெருமைப்பட வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் நம் பாட்டன்மார்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட அதே காலத்தில், அதே மாவட்டங்களிலிருந்து, அதே பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து புறப்பட்ட இன்னொரு கூட்டம் உண்டு. அவர்கள் மேற்கே திரும்பாமல் தெற்கே போனார்கள். அவர்கள் போன வழியில் கடைசியாக மிதித்த தமிழ் மண் மண்டபம் என்ற சிற்றூர். இந்த மலருக்காக அந்த ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம், அந்த ஊரின் கதையைத் தெரிந்துகொண்டால் நம்முடைய கதையும் கொஞ்சம் தெளிவாகும் என்பதுதான்.

நான் படித்துப் பட்டம் பெற்றவனல்ல. ராபர்ட்சன்பேட்டையில் அரிசி, பருப்பு வியாபாரம் செய்து பிழைத்த குடும்பம். எங்கள் தகப்பனார் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கிராமம் ஒன்றிலிருந்து இங்கே வந்து கடை போட்டவர். கடையில் உட்கார்ந்து ஓய்ந்த நேரத்தில் படித்ததும், காலில் வலு இருக்கும்போதே நேரில் போய்ப் பார்த்ததும்தான் என் படிப்பு. அப்படிப் போனதுதான் 2023-ஆம் ஆண்டு தை மாதத்து மண்டபம் பயணம்.

இரண்டு கடலுக்கு நடுவே

மண்டபம் இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. இராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். நான் போன சமயத்தில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடவில்லை. பாலம் பழுதுபட்டதால் 2022 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். (புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது.) ஆகவே இராமநாதபுரத்தில் இறங்கிப் பஸ் பிடித்துத்தான் போனேன்.

போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே வருகிறது. பனையும் உடைமரமும் மணலும்தான். கடைசியில் இடது பக்கமும் கடல், வலது பக்கமும் கடல். வடக்கே இருப்பது பாக் நீரிணை, தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. வடகடல் பெரும்பாலும் அலையில்லாமல் அடங்கிக் கிடப்பதால் அதைப் பெண் கடல் என்றும், தென்கடலை ஆண் கடல் என்றும் அந்தப் பக்கத்தில் சொல்லுவார்கள். இந்த ஒடுங்கின மண் முனையில்தான் மண்டபம் இருக்கிறது. அதைத் தாண்டினால் பாம்பன் கால்வாய், அப்புறம் ராமேஸ்வரம் தீவு.

தென்கடலில், மண்டபத்துக்கு எதிரே வரிசையாகச் சின்னச் சின்னத் தீவுகள் இருக்கின்றன. சிங்கில், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முயல் தீவு என்று ஏழு. தூத்துக்குடி வரை இப்படி மொத்தம் 21 தீவுகள். இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-ல் தமிழக அரசு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் இன்னும் விரிந்த 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளப் பாறையும், கடல் புல்லும், அந்தப் புல்லைத் தின்று வாழும் ஆவுளியா என்கிற கடல்பசுவும் இங்கே உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கி, 1949-ல் மண்டபத்துக்கு வந்து, 1971-ல் தலைமையிடம் கொச்சிக்குப் போகும்வரை இங்கிருந்துதான் நாடு முழுவதற்கும் வேலை செய்தது. அதன் மண்டல மையம் இன்றும் இங்கே இருக்கிறது.

சுற்றுலா வருகிறவர்கள் பாலத்தைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரத்துக்கு ஓடிவிடுகிறார்கள். ஆனால் ரயில் பாதையில் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். மண்டபம் என்று ஒரு ஸ்டேஷன், மண்டபம் முகாம் என்று இன்னொரு ஸ்டேஷன். இத்தனை சின்ன ஊருக்கு ஏன் இரண்டு? அந்தக் கேள்விக்குப் பதில்தான் நம் கதை.

எண்ணி அனுப்பிய இடம்

இலங்கையில் 1830-களில் காப்பித் தோட்டங்கள் வந்தன. 1869-க்குப் பின் இலைத்துரு நோயில் காப்பி அழிந்து, அதன் இடத்தில் தேயிலை வந்தது. இரண்டுக்கும் ஆள் போனது தமிழ்நாட்டிலிருந்து. ஆரம்ப காலத்தில் இராமநாதபுரம் கடற்கரையில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே போனார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் கணக்கில்லை.

மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் 1902-ல் வந்தது. பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. அன்றுமுதல் சென்னையில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து இருபது மைலுக்குச் சற்றுக் கூடுதலான கடலைக் கப்பலில் கடந்தால் தலைமன்னார், மறுபடி ரயில் என்று வழி நேரானது. இதைத்தான் 'போட் மெயில்' என்றார்கள். பெட்டி படுக்கையோடு போனவர்களுக்கு அது வசதியான பயணம். தோட்டக் கூலிகளுக்கு அப்படியல்ல. பாலம் வந்த காலத்தையொட்டி இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில், ஒரு நோய்த்தடுப்பு முகாம் ஏற்படுத்தியது. தூத்துக்குடி வழிக்குத் தட்டப்பாறையில் இன்னொரு முகாம் இருந்தது. தோட்டத்துக்குப் போகிறவர்களை மண்டபத்தில் இறக்கி, சில நாட்கள் வைத்திருந்து, அம்மை குத்தி, துணியை ஆவியில் வேகவைத்து, நோய் இல்லை என்று கண்டபின்தான் கப்பலுக்கு அனுப்பினார்கள்.

இந்த ஏற்பாட்டில் உயிர் காக்கும் நன்மை இருந்தது என்பதை மறுக்கக் கூடாது. காட்டு வழியில் செத்தவர்களை நினைத்தால் முகாம் எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கங்காணி ஊரில் ஆள் சேர்த்து அனுப்பும்போது ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தகர வில்லை தொங்கும். அதில் எந்தத் தோட்டம் என்பதற்கான எண் அடித்திருக்கும். தகர டிக்கெட் முறை என்று அதற்குப் பெயர். பெயர் தெரியாத ஸ்டேஷன் மாஸ்டரும், மொழி தெரியாத அதிகாரியும் அந்த எண்ணைப் பார்த்துச் சாமானைப் போல ஆளைச் சரியான இடத்துக்குச் சேர்த்துவிடலாம். எங்கள் வியாபாரத்தில் மூட்டைக்கு மார்க் போடுவோமே, அதே முறைதான்.

வழிச் செலவும் முன்பணமும் கடனாக ஏறும். தோட்டம் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கடன் 'துண்டு' என்கிற சீட்டில் எழுதப்படும். கடன் தீராமல் வேறு தோட்டம் போக முடியாது. இந்தத் துண்டு முறையை 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1922-ல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. கடைசியில் 1939 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து இலங்கைக்குக் கூலி வேலைக்குப் புதிதாக ஆள் போவதையே இந்திய அரசு தடை செய்தது.

பேரேட்டில் எழுதிய ஊர்ப் பெயர்

இங்கே நம்மூருக்கு வருவோம். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரையோடு சேலமும் ஆற்காடும் உண்டு. தங்கவயலுக்கு ஆள் வந்த மாவட்டங்களில் முதன்மையானவை வடாற்காடு, சேலம், சித்தூர். அதாவது வடாற்காட்டுக்காரனும் சேலத்துக்காரனும் இரண்டு பக்கமும் போயிருக்கிறார்கள். ஒரே சேரியிலிருந்து அண்ணன் ஒரு திசை, தம்பி ஒரு திசை போயிருக்கக்கூடும். பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு 1894-ல் கிளை ரயில் வந்தபின், குடியாத்தத்தில் ஏறினவர் ஒரே நாளில் சுரங்க வாசலுக்கு வந்துவிடலாம்.

எங்கள் கடையின் பழைய பேரேடுகள் சில என்னிடம் இருக்கின்றன. 1950-களைச் சேர்ந்தவை. கடன் வாங்கினவர் பெயரை மட்டும் தகப்பனார் எழுதவில்லை. பெயர், எந்தச் சுரங்கம், எந்த லைன், அதற்குப் பக்கத்தில் சொந்த ஊர். குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர், போளூர், கிருஷ்ணகிரி என்று வரிசையாக இருக்கும். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் அடையாளம் வேண்டுமல்லவா? கடன் கொடுத்தவனுக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும் என்கிற வியாபாரக் காரணமும் உண்டு. ஆனால் இன்றைக்கு அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது அது கடன் கணக்காகத் தெரியவில்லை. நம் ஜனங்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு எழுத்தில் இருக்கிற சாட்சியாகத் தெரிகிறது. இந்தப் பேரேடுகளை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் மண்டபம் முகாமின் பதிவேடுகள் நினைவுக்கு வந்தன. அங்கேயும் ஆள், ஊர், போகிற தோட்டம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

இரண்டு இடத்து வாழ்க்கைக்கும் இன்னும் ஒற்றுமைகள் உண்டு. நாம் குடியிருந்த வரிசை வீடுகளை 'லைன்' என்கிறோம். மலையகத்தில் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் சொல்லுகிறார்கள். சொல்லும் ஒன்று, எட்டடி அறையும் ஒன்று. அங்கே கங்காணி, இங்கே மேஸ்திரி. அங்கே கழுத்தில் தகர வில்லை. இங்கே என்ன? 1930-ல் சுரங்க நிர்வாகம் தொழிலாளிகளைப் பதிவு செய்து கைரேகை எடுக்கக் கிளம்பியபோது, தங்கவயல் தொழிலாளிகள் அதை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கைரேகை எடுப்பது திருடனுக்குச் செய்வது, உழைக்கிறவனுக்கு ஏன் என்ற மானம்தான் அந்தப் போராட்டத்துக்குள் இருந்தது. கழுத்தில் எண் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினவர்களுக்கும் அந்த மானம் இல்லாமல் போயிருக்காது. கேட்கிற சக்தியும் கூடி நிற்கிற இடமும்தான் கிடைக்கவில்லை.

1952: ஒரே வருஷம், இரண்டு விதி

இத்தனை ஒற்றுமைக்கு நடுவே வித்தியாசம் எங்கே வந்தது? நம் முன்னோர் சென்னை மாகாணத்தை விட்டு மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தார்கள். அதுவும் அன்றைக்கு வேறு ராஜ்யம்தான். வேறு மகாராஜா, வேறு சட்டம், வேறு மொழி. இலங்கைக்குப் போனவர்களும் அதே ஆங்கிலேயன் கொடிக்குக் கீழே இருந்த இன்னொரு இடத்துக்குத்தான் போனார்கள். புறப்பட்ட அன்றைக்கு இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

சுதந்திரம் வந்தபோதுதான் தெரிந்தது. மைசூர் இந்தியாவோடு இணைந்தது. நாம் இருந்த இடத்திலேயே இந்தியக் குடிமக்கள் ஆனோம். இலங்கையில் 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மூலம் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே, 1948-ல், குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன், பாட்டன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது அந்தச் சட்டம். லயத்தில் பிறந்தவனுக்கு எந்த அத்தாட்சி? குடியுரிமை போனது. 1949-ல் வாக்குரிமையும் போனது.

1952-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருஷத் தொடக்கத்தில் முடிந்த இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில், சுரங்கத்தில் மண் அள்ளினவரும் ராபர்ட்சன்பேட்டையில் மூட்டை சுமந்தவரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அதே வருஷம் இலங்கையில், வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாமல் போன மலையகத் தமிழர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பின்னாளில் நம்மூரிலிருந்து குடியரசுக் கட்சியின் சி. எம். ஆறுமுகம் போன்ற தமிழர்கள் சட்டமன்றத்துக்குப் போனார்கள். அங்கே லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் என்ற புதிய பெயரோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். உழைப்பில் நாம் அவர்களைவிட உயர்ந்தவர்களல்ல. ரயில் எந்தப் பக்கம் திரும்பியது என்பதில்தான் விதி மாறியது.

திரும்பி வந்த ஜனங்கள்

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று ஏற்பாடு. 1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அரிசி மூட்டையைப் பிரிக்கும்போதுகூட நாங்கள் அடியில் சிந்தினதைப் பார்ப்போம். இதில் அண்ணன் ஒரு கணக்கில், தங்கை ஒரு கணக்கில் போன குடும்பங்கள் ஏராளம்.

ஒப்பந்தம் ஆன இரண்டு மாதத்துக்குள், 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு ஒரு ரயிலே கடலில் போனது. போட் மெயில் வழியும் முடிந்தது. பிறகு ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. அந்தக் கப்பலில்தான் தாயகம் திரும்புகிறவர்கள் என்ற பெயரில் ஜனங்கள் வந்தார்கள். வந்து இறங்கினதும் எங்கே வைத்தார்கள்? அதே மண்டபம் முகாமில். பாட்டனை எண்ணி அனுப்பின இடத்திலேயே பேரனை எண்ணி வாங்கினார்கள். 1984-ல் கப்பல் நிற்கும்வரை இது நடந்தது. இந்த ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கு மேல்.

முகாமிலிருந்து அவர்களை நீலகிரியில் 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கும், நூற்பாலைகளுக்கும், கன்னியாகுமரி ரப்பர் தோட்டத்துக்கும் அனுப்பினார்கள். நம் கர்நாடகத்துக்கும் வந்திருக்கிறார்கள். தென்கன்னட மாவட்டத்தில் சுள்யா, புத்தூர்ப் பக்கம் வனத்துறைக் கழகத்தின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்கள் இந்த வழியில் வந்த தமிழர்களே. தங்கவயலிலிருந்து மங்களூர்ப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை அங்கே இறங்கிப் பேசிப் பார்க்க வேண்டும். அவர்களும் லைன் வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள்.

தாயகம் என்று வந்தவர்களுக்கு இங்கே கிடைத்த பெயர் 'சிலோன்காரன்'. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். பூர்வீக ஊர் எது என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. நாலு தலைமுறையில் ஊரின் பெயர் வாயிலிருந்து நழுவிவிட்டது. ஜாதிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீசில் நின்றபோது, எந்தக் கிராமம் என்று சொல்லத் தெரியாமல் திரும்பினவர்கள் உண்டு. பிள்ளையின் ஸ்காலர்ஷிப்பும் வேலையும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வேறு வகைக் கூட்டம் வந்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார், வவுனியாப் பக்கத்து ஜனங்கள் படகில் தப்பி வந்து கரையேறியபோது அவர்களுக்கும் முதல் வாசல் மண்டபம்தான். 1983 முதல் 1987-க்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். 2022-ல் இலங்கையில் பொருளாதாரம் விழுந்து, அரிசிக்கும் பால் பவுடருக்கும் வழியில்லாமல் சிலர் படகேறி வந்தபோதும் இங்கேதான் கொண்டுவந்து சேர்த்தார்கள். அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-ல் தமிழக அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறினது நல்லதுதான். வீட்டுக்குள்ளே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை எது என்ற கேள்வி மட்டும் பலருக்கு இன்னும் மாறவில்லை. இலங்கையில்கூட மலையகத்தில் மிஞ்சியிருந்த நாடற்றவர் பிரச்சினையை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தீர்த்துவிட்டார்கள் என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

முகாமுக்குள் நான் போகவில்லை. அனுமதி வேண்டும், வேடிக்கை பார்க்கப் போகிற இடமும் அல்ல. சாலையில் நின்று பார்த்தேன். ஓட்டு வீடுகள், வேப்ப மரம், தண்ணீர்க் குடம், ஸ்கூல் யூனிஃபார்மில் சைக்கிள் மிதிக்கிற பிள்ளைகள். நம் லைன்களில் சாயங்காலம் எப்படி இருக்குமோ அப்படி.

கடலிலும் ஒரு கோடு

முகாமில் இருப்பவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். மண்டபத்திலேயே பிறந்து வளர்ந்த ஜனங்களுக்காவது இந்தப் பிரச்சினை இல்லையா என்று பார்த்தால், அவர்களுக்கும் ஒரு கோடு வந்து நிற்கிறது. 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை பிரித்துக்கொண்டன. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. 1986-ல் தேசியப் பூங்கா வந்தபின் எதிரே தெரிகிற தீவுகளில் இறங்குவதும் குற்றமாயிற்று.

தென்கடல் ஓரத்தில் பாசி எடுக்கிற பெண்களைப் பார்த்தேன். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று வகை வகையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மிட்டாய், மருந்து, சாயம் முதலியவற்றுக்கு வேண்டிய பசை இதிலிருந்து எடுக்கப்படுகிறது. விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டு முங்கி, பாறையிலிருந்து பிடுங்கி வர வேண்டும். கரையில் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் எத்தனை வருஷமாக இந்த வேலை என்று கேட்டேன். "எங்க ஆத்தா காலத்துலேருந்து இதேதாங்கய்யா. அப்போ தீவுல தங்கி எடுப்போம். இப்போ போனா புடிச்சுக்கிறாங்க" என்றார்.

இதில் ஒரு பக்கம் மட்டும் நியாயம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பல வருஷம் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினார்கள். பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கியே போய்விட்டன. ஆவுளியாவை இறைச்சிக்குப் பிடித்து அருகச் செய்துவிட்டோம். எந்த உயிரையும் வதைக்கலாகாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். தீவுகளைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஆனால் காப்பாற்றுகிற சட்டம், அந்த இடத்திலேயே தலைமுறையாக வாழ்ந்தவரை அந்நியராக்கிவிட்டு நடக்கக் கூடாது. அந்தப் பெண்களே சங்கமாகக் கூடி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது, மீன் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் போகாமலிருப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கடலை அறிந்தவர்களைக் கூட வைத்துக்கொண்டு காப்பது எப்படி என்பதற்கு இதுவே வழி காட்டுகிறது.

பாம்பன் குந்துகாலில் சுவாமி விவேகானந்தர் 1897-ல் இலங்கையிலிருந்து வந்து கரையிறங்கினதற்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் மண்டபம் வழியாகப் போன லட்சக்கணக்கான ஏழை ஜனங்களுக்கு ஒரு கல்கூட என் கண்ணில் படவில்லை. ஸ்டேஷன் பலகையில் இருக்கிற 'முகாம்' என்ற ஒரு வார்த்தைதான் அவர்களுக்கு நினைவுச் சின்னம்.

நமக்கு என்ன?

தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு நம் பிள்ளைகள் விடியற்காலை மாரிகுப்பம் ரயிலில் ஏறி பெங்களூர் போய், ராத்திரி வீடு திரும்புகிறார்கள். பலர் அங்கேயே குடியேறிவிட்டார்கள். சென்னைக்கும், துபாய்க்கும், அமெரிக்காவுக்கும் போனவர்களும் உண்டு. வேலைக்காக வந்த ஜனம் வேலைக்காகவே மறுபடி கலைகிறது. இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மண்டபத்தின் வரலாறு நமக்கு ஒரு பாடம் சொல்லுகிறது. ஜனம் கலையும்போது முதலில் தொலைவது நகையோ நிலமோ அல்ல. ஊரின் பெயர் தொலைகிறது. நான்காம் தலைமுறைக்கு எதிரில் ஒரு அதிகாரி வந்து நின்று, நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று கேட்கும்போதுதான் தொலைந்தது தெரிகிறது. மலையகத்துக்காரர்களுக்கு 1948-ல் அது தெரிந்தது. நமக்கு அப்படி ஒரு நாள் வராமலே போகட்டும். அதற்காகக் கையில் உள்ளதைத் தொலைக்கலாமா?

ஆகவே இந்த மலரைப் படிக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் எழுபது எண்பது வயதைத் தாண்டின பெரியவர் யாராவது இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்காருங்கள். பாட்டன் எந்த ஊர், எந்தத் தெரு, குலதெய்வம் எது, எந்த வருஷம் வந்தார்கள், எந்தச் சுரங்கத்தில் சேர்ந்தார்கள், முதலில் எந்த லைனில் இருந்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். குடும்பத்தில் யாராவது சிலோன் போனதாகப் பேச்சு உண்டா என்றும் கேளுங்கள். சுரங்கத்தில் கொடுத்த சர்வீஸ் பேப்பர், பழைய ரேஷன் கார்டு, ஸ்கூல் சர்டிபிகேட் எது இருந்தாலும் நகல் எடுத்து வையுங்கள். குப்பை என்று எடைக்குப் போடாதீர்கள். எடைக்கு வாங்குகிறவனுக்கு அது காகிதம். நமக்கு அதுதான் பத்திரம்.

சங்கத்தார் மனது வைத்தால் இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம். ஒரு பீரோ போதும். எங்கள் கடைப் பேரேடுகளிலிருந்து, கடன் தொகைகளை விட்டுவிட்டு, ஊர்ப் பெயர்களையும் லைன்களையும் மட்டும் படியெடுத்து முதலாவதாகக் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். இதுவரை குடியாத்தம் தாலுகா முடிந்திருக்கிறது. திருப்பத்தூர் நடந்துகொண்டிருக்கிறது.